இரண்டாவது சங்கு

ஊரிகம்,
6-10-2025

டீச்சரம்மாவுக்கு பக்கத்து வூட்டு தங்கவேலு எழுதறது.

நீ போன் எடுக்க மாட்டேன்ற. பன்னெண்டு வாட்டி அடிச்சிட்டேன். அந்தப் பக்கம் ஒரு பொண்ணு கன்னடத்துல ஏதோ சொல்லுது. கொரலு நல்லாத்தான் கீது, ஆனா எத்தினி நாளு அது கூடவே பேசறது. அதான் கடுதாசி. அஞ்சாங் கிளாஸோட நின்னவன் எழுத்து. செவப்புப் பேனாவ தூரமா வெச்சிட்டுப் படி.

விசயம் இன்னான்னா, போன வாரம் அடிச்ச காத்துல உங்க வூட்டுப் பின்பக்கத்து கூர ஷீட்டு ஒண்ணு தூக்கிக்கிச்சு. நான் ஏறல, பயப்படாத. எழுபத்தெட்டு வயசுல ஏறினா, எறக்கறதுக்கு நாலு பேர் வேணும், அந்த நாலு பேரும் அப்பிடியே தூக்கிக்கினு போயிடுவானுங்க. எதிர் லைன் விநாயக்க வுட்டு ஆணி அடிச்சாச்சு. அவன் காசு வேணாம்னான். டீச்சருகிட்ட அடி வாங்கனவன், அந்த மரியாத.

நம்ம ரெண்டு வூட்டுக்கும் ஒரே செவுரு. அம்பது வருசமா அந்தப் பக்கம் உங்கூட்டுக்காரன் எரிக்கு தும்மினா இந்தப் பக்கம் என் மங்கம்மா முழிச்சுக்குவா. மங்கம்மா போயி ஒம்போது வருசம். எரிக்கு போயி ஒரு வருசம். நீயும் பூட்டிக்கினு பெங்களூருக்கு மவன் வூட்டுக்குப் போயிட்ட. இப்ப அந்தச் செவுத்துல காது வெச்சா பல்லி பேசறதுதான் கேக்குது. அதுவும் உன்ன மாதிரியே, பதில் சொல்றதில்ல.

எரிக்கு கடைசி எட்டு மாசம் எங்கூட பேசாமலே போயிட்டான். சாவுக்கு வந்தேன், நீ மூஞ்சத் திருப்பிக்கின. கல்லறத் தோட்டத்துல செவுத்தோரமா நின்னுட்டு வந்துட்டேன். அத்தப் பத்தி ஒண்ணும் கேக்க வரல. ஷீட்டப் பத்திச் சொல்லத்தான் எழுதனேன்.

உன் மருமவ ஸ்வப்னா சக்கர இல்லாத காப்பிதான் குடுக்கறாளாமே. நல்ல பொண்ணு. இருபது வருசம் முன்னாடியே வந்திருக்கணும்.

தங்கவேலு


பெங்களூரு,
18-10-2025

தங்கவேலு அண்ணனுக்கு,

கூரையைச் சரி செய்ததற்கு நன்றி. விநாயக்கிடமும் சொல்லுங்கள். போனில் கூப்பிட வேண்டாம். உங்கள் குரலைக் கேட்கும் நிலையில் நான் இல்லை. எழுதுவதானால் எழுதுங்கள்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்கக் கூடாது என்றுதான் பத்து நாள் இருந்தேன்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு உதய் வான்கோழி வாங்குகிறான். மறுநாள் மிச்சக் கறியில் அப்பா செய்யும் சூடு ரொட்டி வேண்டும் என்கிறான். அவன் எதையும் கேட்கிற பிள்ளை இல்லை. அப்பா போனபோதுகூட அழாமல் வேலைகளைப் பார்த்தவன். இதை மட்டும் இரண்டு முறை கேட்டுவிட்டான்.

எனக்கு அதைச் செய்யத் தெரியாது. சின்ன வயதில் என் அப்பா கிளப்பிலிருந்து கொண்டுவருவார், சாப்பிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகு இவர் செய்வார், சாப்பிடுவேன். டிசம்பர் இருபத்தாறாம் தேதி என்னை அடுப்பங்கரைப் பக்கமே விட்டதில்லை. அவருடைய பைபிளில் ஒரு சீட்டு கிடைத்தது. அதில் இரண்டே வரி: "முதல் சங்குக்கு வை. இரண்டாம் சங்குக்கு எடு."

பக்கத்தில் இருந்து பார்த்தவர் நீங்கள். எப்படிச் செய்வார் என்று எழுதுங்கள். இரண்டு சங்குக்கும் நடுவே எத்தனை நிமிடம் என்பதையும் எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஈவ்லின்


ஊரிகம்,
24-10-2025

டீச்சரம்மாவுக்கு,

வேற எதுவும் எழுதாதன்னு சொன்ன. நீ சொல்லி நான் எப்ப கேட்டுக்கீறேன்.

ஒங்க அப்பா ஏசுபாதம் கிளப்புல வெறும் குக்கு இல்ல, ராஜா. தொரைங்க பண்டிகைக்கு அறுக்கற வான்கோழில மிச்சம் வுழறத அடுத்த நாளு பின் வாசல்ல எங்களுக்குப் போடுவாரு. எழுபத்து நாலுல, உன் கல்யாணத்துக்கு அப்பறம் வந்த கிறிஸ்மஸ்ல, மாப்ளயோட சிநேகிதன்னு என்னியும் கூப்ட்டாரு. தட்டுல ஒரு ரொட்டி, அது மேல கறி, அது மேல கொதிக்கக் கொதிக்கக் கொழம்பு. நான் எரிக்கு காதுல, "இன்னாடா, மேல் ரொட்டியக் காணோம், உன் மாமனாரு அமுக்கிட்டாரா"ன்னேன். கெழவருக்குப் பாம்புக் காது. "மேல மூடிட்டா கொழம்ப எங்கடா ஊத்தறது, உன் தலைலயா"ன்னாரு. அன்னிலேர்ந்து எனக்கு அதுதான் கிறிஸ்மஸ். இருபத்தஞ்சு ஒங்க பண்டிக, இருபத்தாறு என் பண்டிக.

செய்யறது சொல்றேன், எழுதிக்கோ. ரொட்டி முந்தின நாளுது வேணும். அன்னிக்கு சுட்ட ரொட்டி மேல கொழம்பு ஊத்தினா அழுதுடும். வெட்டாத ரொட்டியா வாங்கி, கட்ட வெரலு பருமனுக்கு அறுத்து, தோசக்கல்லுல வெண்ண தடவி ரெண்டு பக்கமும் செவக்க வெக்கணும். கறியப் பிய்க்காத, கத்தியால சீவு. எலும்பெல்லாம் குண்டான்ல போட்டு வெங்காயம், தட்டின மொளகு போட்டு காலைலேர்ந்து கொதிக்கட்டும். அப்பறம் கறி வெந்த தட்டுல ஒட்டிக்கினு கீற கொழுப்ப சொரண்டி, மைதா போட்டு, பிஸ்கட்டு கலரு வர வரைக்கும் கிண்டி, எலும்புத் தண்ணிய கொஞ்சங் கொஞ்சமா ஊத்தணும். இங்கதான் மொத சங்கு. ரெண்டாவது சங்கு வர வரைக்கும் கை நிக்கக் கூடாது. வந்ததும் எறக்கி, சீவின கறிய அதுல ஒரு பெரட்டு பெரட்டி, ரொட்டி மேல வெச்சு, மீதிக் கொழம்ப மேல ஊத்து. அவ்ளோதான்.

சங்கு கதை ஒனக்கே தெரியும். ஒங்க அப்பா தங்க மைன்ஸ்ல ஊதற சங்கக் கேட்டுத்தான் சமைப்பாரு. ஒண்ணரைக்கு ஒண்ணு, ஷிப்ட் மாறச்சொல்லோ ரெண்டு மணிக்கு ஒண்ணு. அத்தயே எரிக்கும் புடிச்சுக்கினான். ரெண்டாயிரத்து ஒண்ணுல மைன்ஸ மூடினானுங்க. அந்த வருசம் டிசம்பரு, எலும்புத் தண்ணிய கைல வெச்சுக்கினு நிக்கறான், சங்கு இல்ல. மூஞ்சிய பாக்க முடியல. நான் ஜன்னலுக்கு வெளிய போயி, கைய வாய்ல குவிச்சு, "ஊ"ன்னு ஊதனேன் பாரு, நாலாவது லைன் வரைக்கும் நாயெல்லாம் பதில் சொல்லிச்சு. எரிக்கு சிரிக்கவே இல்ல. "சிக்னல் வந்தாச்சு"ன்னு சொல்லி ஊத்தனான். இருபத்திரெண்டு வருசம் நான்தான் சங்கு.

வான்கோழி கொண்டாறதும் நாங்கதான். பேத்தமங்களா ஊருல ஒருத்தன் வளத்தான். மொபெட்டுல எரிக்கு முன்னாடி, நான் பின்னாடி, நடுவுல அது. ஒரு வாட்டி ராபர்ட்சன்பேட்டை சர்க்கிள்ல போலீசு நிறுத்தி, "மூணு பேரு போகக் கூடாது"ன்னான். எரிக்கு எறங்கி நடந்து வந்தான். நானும் வான்கோழியும் வண்டில வந்தோம்.

நிமிசம் கேட்ட இல்ல. இருபத்திரெண்டு. சத்தியமா.

தங்கவேலு


பெங்களூரு,
10-11-2025

அண்ணே,

மொபெட் கதையை உதயிடம் படித்துக் காட்டினேன். சிரித்தான். அதற்கு நன்றி.

கோழியை வறுத்து, மிச்சத்தில் இரண்டு முறை செய்து பார்த்தேன். முதலில் நான் பிறந்து வளர்ந்த கணக்கில், ஒன்றரைச் சங்குக்கும் இரண்டு மணிச் சங்குக்கும் நடுவில் அரை மணி நேரம். அடிப்பிடித்துக் கருகியது. அடுத்த ஞாயிறு நீங்கள் சொன்ன இருபத்திரண்டு நிமிடம். போஸ்டர் ஒட்டும் பசை. ஸ்வப்னா ஒரு வாய் தின்றுவிட்டு "நன்றாக இருக்கிறது அத்தை" என்றாள். அவள் பொய் சொல்லி அன்றுதான் பார்த்தேன்.

பிறகுதான் ஞாபகம் வந்தது, இருபத்திரண்டு உங்கள் வீட்டு நம்பர். இதிலும் விளையாட்டா?

எழுத வேண்டாம் என்று நினைத்ததை எழுதுகிறேன். 2023 டிசம்பர் இருபத்தாறு. ஸ்வப்னாவின் அப்பா அம்மா முதல் முறையாக நம் லைன் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முதல் சங்கை ஊதினீர்கள். இவர் கிண்ட ஆரம்பித்தார். இரண்டாவது சங்கு வரவில்லை. குழம்பு இறுகியது, அடி பிடித்தது, புகை வந்தது. "இறக்குங்கள், கருகுது" என்று நான் கத்தினேன். "சிக்னல் வரல ஈவி" என்றார். கூடத்தில் சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். கெட்ட மனதோடு இல்லை, கிழவரின் கூத்து என்று சிரித்தார்கள். கடைசியில் நான்தான் அடுப்பை அணைத்தேன். அப்புறம் நீங்கள் உள்ளே வந்து, கண்ணெல்லாம் சிவக்கச் சிரித்துக்கொண்டு, "சும்மா வெளாட்டுக்குத்தான் ஊதல, எவ்ளோ நேரம் கிண்டறான்னு பாத்தேன்" என்றீர்கள்.

நீங்கள் சுரங்கத்து ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று மணி அடித்தவர். அவர் எஞ்சின் அறையில் உட்கார்ந்து, ஆட்கள் போகிற கூண்டை, அந்தக் கேஜை, ஏற்றி இறக்கியவர். அவர் கண்ணுக்குக் கேஜும் தெரியாது, அதில் நிற்கிற ஆட்களும் தெரியாது. உங்கள் மணி மட்டும்தான் தெரியும். அன்று மாலை என்னிடம் சொன்னார்: "முப்பது வருசம் தங்கா அடிக்கற மணிய நம்பி ஆள எறக்கனேன். ஒரு நாளு வெளாடனதில்ல. இன்னிக்கு வெளாடிட்டான்." அவ்வளவுதான். பிறகு உங்கள் பெயரை வெகு நாள் எடுக்கவில்லை.

எல்லாரையும் கேலி செய்வீர்கள். சரி. மணியில் கேலி செய்யலாமா?

எனக்கு நிமிடம் வேண்டாம். ஏன் ஊதவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இத்தோடு விட்டுவிடுவோம்.

ஈவ்லின்


ஊரிகம்,
21-11-2025

ஈவ்லினு,

இந்தக் கடுதாசிய நாலு வாட்டி எழுதிக் கிழிச்சிட்டேன். ஏசுபாதம் பொண்ணுக்கு பொய் எழுதினா கை கூசுது.

மொதல்ல நிமிசம். எனக்குத் தெரியாது. என் கிட்ட வாச்சே கெடயாது. அந்த ஜன்னலு கீழ நான் சொம்மா நின்னேன்னு நெனச்சியா. ஒங்க அப்பாரு வெறகடுப்புல பெரிய குண்டான் வெப்பாரு, அரமணி சரியாப் போச்சு. ஒங்க வூட்டு கேஸ் அடுப்புல அரமணி வுட்டா தாரு ரோடுதான். எரிக்குக்கு அது புரியாது. சங்குன்னா சங்கு. அதனால நான் வாசன புடிப்பேன். மொதல்ல மாவு வாசன வரும். அப்பறம் கொழுப்பு வாசன. அப்பறம் திடீர்னு முந்திரி வறுத்தாப்புல ஒண்ணு வரும் பாரு, அப்ப ஊதுவேன். ஒரு வருசம் பத்து நிமிசம் இருக்கும், ஒரு வருசம் பதினஞ்சு இருக்கும். அவன் ஒரு நாளும் கேக்கல. மணி அடிச்சா கேள்வி கேக்காத ஆளு அவன்.

இப்ப அன்னிக்கு நடந்தது. மொத சங்கு ஊதறப்பவே நெஞ்சுக்குள்ள ஏதோ கிழிஞ்சாப்புல இருந்துச்சு. ஜன்னலப் புடிச்சுக்கினு நின்னேன். முந்திரி வாசன வந்துச்சு, ஈவ்லினு. நல்லா வந்துச்சு. கைய குவிச்சு மூச்ச இஸ்தேன். உள்ள ஒண்ணும் போகல. இருமல் புடிச்சுக்கிச்சு. அந்த இருமல் ஜன்னலு வழியா உள்ள கேட்டா எரிக்கு ஓடி வருவான், அவனுக்கே நெஞ்சு சரியில்லாத நேரம். அதனால தண்ணித் தொட்டிப் பின்னாடி போயி வாய்ல துண்ட வெச்சு அடச்சுக்கினேன். குந்திட்டேன். எழுந்திருக்க முடியல. நீ "கருகுது"ன்னு கத்தறது கேக்குது. அவன் "சிக்னல் வரல"ன்றதும் கேக்குது. அத்தவிட கஷ்டமா ஒண்ணு நான் ஷாப்டுல கூட கேட்டதில்ல.

மூச்சு வந்ததும் உள்ள வந்தேன். சம்பந்திங்க சிரிச்சுக்கினு கீறாங்க. கண்ணு செவந்துது சிரிச்சு இல்ல. ஊத முடியலன்னு சொல்லியிருக்கணும். வாயத் தொறந்தேன், பழக்க தோசம், வெளாட்டுன்னு வந்துடுச்சு. நாலு பேரு முன்னாடி கெட்டவன்னு பேரு வாங்கிடுவேன். நெஞ்சு போனவன்னு பேரு வாங்க முடியல. நாளைக்கு தனியா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நாளைக்கு அவன் கதவு சாத்தி இருந்துச்சு. ஒரு வாரம் போச்சு, ஒரு மாசம் போச்சு. அப்பறம் போயி சொன்னா, சாக்கு சொல்றான்னு நெனப்பான்னு ஒரு இது. இப்பிடியே போயிடுச்சு.

டாக்டரு நெஞ்சப் படம் எடுத்துக் காட்டனாரு. உள்ள பாதி மைன்ஸ் தூசு கீதாம். தங்கம் ஏதாச்சும் தெரியுதா சார்ன்னு கேட்டேன், சிரிக்கவே இல்ல. நீ போன்ல பேசாததும் நல்லதுக்குத்தான். கடுதாசில இருமல் கேக்காது பாரு.

நான் மணில வெளாடல. ஒனக்குத் தெரிஞ்சா போதும்.

தங்கவேலு


பெங்களூரு,
4-12-2025

அண்ணே,

உங்கள் கடிதத்தைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். அப்புறம் உட்கார்ந்து இன்னொரு முறை படித்தேன்.

நானும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் அவரிடம் எட்டு மாதம் மறைத்தீர்கள். நான் உங்களிடம் ஒரு வருடத்துக்கு மேல் மறைத்தேன்.

கடைசியில் ஆக்சிஜன் மெஷின் வந்த பிறகு, இவர் கட்டிலை உங்கள் பக்கத்துச் சுவரோரமாகப் போடச் சொன்னார். ஜன்னல் இந்தப் பக்கம் இருக்கிறதே என்றேன். "காத்து வேணாம், இங்கயே போடு" என்றார். பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணுவார். ஜெபம் செய்கிறார் என்று நினைத்தேன். ஒரு நாள் கேட்டேன். "தங்கா இருமறான். நேத்து ஒம்போது, இன்னிக்குப் பதினாலு" என்றார். பிறகு இன்னொரு விரலை மடக்கிவிட்டு, "அவன் வெளாடல ஈவி. இந்த நெஞ்ச வெச்சுக்கினு சங்கு எங்க ஊதறது" என்றார்.

கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். மணி அடிக்க வேண்டியது அவன். அவனே வரட்டும். வந்ததும் கெட்ட வார்த்தைல திட்டணும், தயாரா வெச்சிருக்கேன்" என்றார்.

நீங்கள் வரவில்லை. அவர் கூப்பிடவில்லை. நடுவில் ஒரு செங்கல் சுவர். சிக்னல் வராமல் அசைய மாட்டேன் என்று இந்தப் பக்கம் ஒருவர், அடிக்க மூச்சில்லை என்று அந்தப் பக்கம் ஒருவர். நானாவது பத்து அடி நடந்து வந்து சொல்லியிருக்கலாம். அவர் போன பிறகும் சொல்லவில்லை. உங்கள் மேல் கோபமாக இருப்பது எனக்கு வசதியாக இருந்தது. வேறு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மன்னிக்க வேண்டும்.

இருபத்தாறாம் தேதி காலை நாங்கள் மூன்று பேரும் வருகிறோம். உதய் லீவு போட்டுவிட்டான். மிச்சக் கறியும் எலும்பும் வறுத்த தட்டும் அப்படியே வரும். ஸ்வப்னாவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கூச்சப்படாதீர்கள். மாமனாருக்கு இரண்டு மாதம் மூச்சு மெஷினைத் துடைத்துப் போட்டவள் அவள்.

ஒரே ஒரு மாற்றம். நீங்கள் உள்ளே நின்று கிண்டுங்கள். நான் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன். நாற்பது வருடம் சர்ச் பாடகர் குழுவில் இருந்தவள், மூச்சு இருக்கிறது. முந்திரி வாசனை வந்ததும் ஊதுகிறேன்.

ஈவ்லின்


ஊரிகம்,
15-12-2025

டீச்சரம்மாவுக்கு,

ஒம்போது, பதினாலுன்னு எண்ணனானா. களவாணி. நான் துண்டு வெச்சு அடச்சதெல்லாம் கணக்குல வந்திருக்காது.

விநாயக்க வுட்டு உன் வூட்ட தொறந்து பெருக்கியாச்சு. நீ சாவிய எங்க ஒளிச்சு வெச்சன்னு ஊருக்கே தெரியும். கேஸ் வந்தாச்சு. ரொட்டி இருபத்தஞ்சாந்தேதி ஆண்டர்சன்பேட்டைல வாங்கறேன், வெட்டாதது, நாலு. அந்தக் கட்டில செவுத்தோரமாவே வுட்டு வெச்சிருக்கேன். நேத்து கொஞ்ச நேரம் அதுல குந்திப் பாத்தேன். என் வூட்டு ரேடியோ நல்லாவே கேக்குது. எல்லாத்தயும் கேட்டிருக்கான்.

அவன் தயாரா வெச்சிருந்த திட்ட, உனக்குத் தெரிஞ்சா வந்து திட்டு. தெரியலன்னா நானே எடுத்துக் குடுக்கறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். உன் மூக்குக்கு முந்திரி தெரியாம நீ அரமணி கழிச்சு ஊதினாலும் சரி, பாட்டுக் கச்சேரி மாதிரி இழுத்துக்கினு நின்னாலும் சரி, சம்பந்தி வூடே கூடி நின்னு சிரிச்சாலும் சரி. புகை வரட்டும், அடி புடிக்கட்டும். நீ ஊதற வரைக்கும் நான் கிண்டிக்கினே இருப்பேன். சிக்னல் வராம எறக்க மாட்டேன்.

தங்கவேலு